துர்காவின் கட்டிலுக்கு அடியில் இருந்தவர்

முதலியார்பேட்டை,
புதுச்சேரி.
செவ்வாய்க்கிழமை மதியம்.

பெருமதிப்பிற்குரிய மச்சான் திரு. புருஷோத்தமன் அவர்களுக்கு, கன்னியப்பன் கைகூப்பி எழுதுவது. விழுப்புரத்தில் தாங்களும் அக்காவும் மருமகன் நிலவனும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் தங்கள் தங்கை தனக்கொடியும் மகள் துர்காவும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பொய் எழுதப் பயமாக இருப்பதால் அந்தச் சொல்லை மட்டும் இன்னொரு நாளைக்கு ஒத்திவைக்கிறேன்.

போன வாரம் தாங்கள் போனில், "நம்ம நிலவனும் துர்கா படிக்கிற அந்த மானுடவியலே படிக்கிறேங்கிறான், நீங்க இன்னா சொல்றீங்க?" என்று கேட்டீர்கள். நான் "ம்" என்றேன். அதைத் தாங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டுவிடக் கூடாதே என்றுதான் இந்தக் கடிதம். போனில் விவரமாகச் சொல்ல வழியில்லை. உங்கள் தங்கைக்குக் காது கூர்மை.

முதலில் எனக்கும் இந்தப் படிப்பில் சந்தேகம் ஒன்றும் இருக்கவில்லை. மனுஷனைப் பற்றிய படிப்பு, கத்தி இல்லை, ரத்தம் இல்லை என்று நிம்மதியாகத்தான் சேர்த்துவிட்டேன். இரண்டாவது வாரமே சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று, "ஏம்பா, அம்மாவோட தம்பி மாமா, உன்னோட தம்பி சித்தப்பா. வெள்ளைக்காரன் ரெண்டு பேரையும் ஒரே பேர்ல கூப்புடுறான். நாம மட்டும் ஏன் பிரிச்சி வச்சிருக்கோம்?" என்று கேட்டாள். சொத்து விஷயமாக யாரோ குழந்தையின் காதில் ஏதோ ஓதிவிட்டார்கள் என்று பயந்து எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அப்புறம் பார்த்தால் அது பாடமாம். நாம் எதைச் சாப்பிடுகிறோம், எந்தக் கையால் சாப்பிடுகிறோம், யாரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறோம், யாரைப் பார்த்தால் எழுந்து நிற்கிறோம், எல்லாமே பாடமாம். எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பண்பாடு என்று பெயராம். பிறக்கும்போது யாரும் கொண்டுவருவதில்லையாம், பார்த்துப் பார்த்துப் பழகுவதாம். அதோடு நின்றிருந்தால் நான் இந்தப் பேனாவைத் தொட்டிருக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. துர்கா முந்தின நாளே செஞ்சிப் பக்கம் ஒரு மலையடி கிராமத்துக்குக் களப்பணி என்று காலேஜ் வண்டியில் போயிருந்தாள். அங்கே போன் எடுக்காது. நான் பேப்பரில் மரண அறிவிப்புகளைப் படித்துக்கொண்டிருந்தேன். அதில் நம் பெயர் இல்லை என்று பார்த்துவிட்டால் அன்றைய பொழுதுக்குக் கொஞ்சம் தைரியம் வரும். உங்கள் தங்கை துடைப்பமும் கையுமாக வந்து நின்றாள்.

"ஏங்க, துர்கா கட்டிலுக்கு அடியில யாரோ இருக்காங்க."

"யாரோன்னா?"

"தலை மட்டும்தான் இருக்குது."

மச்சான், கரண்ட் மீட்டர் பார்க்கும் உத்தியோகத்தில் இந்த ஊரில் எத்தனை வீட்டு நாய்களுக்குப் பயந்தவன் நான் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் அந்தப் பயமெல்லாம் காலில் வரும், ஓடினால் போய்விடும். இது என் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, எங்கே ஓடுவது? துப்பட்டாவில் சுற்றி ஓர் அட்டைப்பெட்டிக்குள், பழுப்பு நிறத்தில் ஒரு மண்டையோடு. தாடையும் கூடவே இருந்தது. நெற்றி என்று ஒன்று இல்லவே இல்லை. புருவம் மட்டும் ஜன்னல் சன்ஷேடு மாதிரி முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. வாயில் ஒரே ஒரு பல். உங்கள் தங்கை தூரத்திலிருந்தே உற்றுப் பார்த்துவிட்டு, "உங்க பெரியப்பா ஜாடை இருக்குதுங்க" என்றாள். அந்த நேரத்திலும் என் பக்கத்து உறவைத்தான் அவளுக்குச் சொல்லத் தோன்றியது. நான் அதற்குப் பதில் சொல்வதற்குள் அவளே முகம் வெளுத்து, "அந்த பிரேம்குமார ஒரு மாசமா காணோமே" என்றாள்.

பிரேம்குமார் துர்காவோடு படிக்கும் பையன். வாரத்துக்கு இரண்டு தடவை நோட்ஸ் வாங்க வருவான், வாசலிலேயே நின்று வாங்கிக்கொண்டு போவான். ஒரு மாதமாக உண்மையிலேயே அவனைக் காணவில்லை. "அவனுக்குப் பல்லெல்லாம் இருந்துச்சே" என்றேன். "தட்டியிருப்பாங்க" என்றாள் உங்கள் தங்கை. பெற்ற பெண்ணைப் பற்றி இப்படி நினைப்பார்களா என்று நீங்கள் கேட்கலாம். பயம் வந்துவிட்டால் பெற்றது, வளர்த்தது ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது மச்சான். துர்காவுக்குப் போன் போட்டோம், போட்டோம், தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றே அந்தப் பெண்மணி பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில், கடலில் போட்டுவிடுவது என்று முடிவு செய்தோம். முடிவு செய்தது உங்கள் தங்கை, போடவேண்டியவன் நான்.

மஞ்சப்பையில் வைத்து எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு வந்தால், ஆட்டோ ஓட்டும் எங்கள் தெரு அன்வருதீன். "எங்க மாமா, ஏறுங்க" என்றான். கடற்கரைக்கு என்று சொன்னால் வெயில் நேரத்தில் என்ன வேலை என்று கேட்பானே என்று, "மார்க்கெட்டுக்கு" என்றேன். அங்கிருந்து நடந்துபோய்க் கடலில் போட்டுவிடலாம் என்று கணக்கு.

"மார்க்கெட்டுக்குப் போறீங்க, பை ரொம்பித்தானே இருக்குது? இன்னா அது, பலாப்பழமா?"

"ஆமா."

"வாசனையே வரல?"

"காயி."

"கொண்டாங்க, இப்படி முன்னாடி வைக்கிறேன்" என்று கையை நீட்டிவிட்டான். நான் அதை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டு, வழி முழுக்கப் பலாக்காய்க் கூட்டு செய்வது எப்படி என்று அவனுக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். எனக்குச் சுடுதண்ணீர் வைக்கவும் தெரியாது.

பெரிய மார்க்கெட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் உங்களுக்குத் தெரியும். கிழங்குக் கடைகளைத் தாண்டி வெளியே போகத் திரும்பினேன். தோளில் ஒரு கை விழுந்தது. "அங்கிள்!" என்று ஒரு குரல். திரும்பிப் பார்த்தேன். பிரேம்குமார். உடம்பு பாதியாகி, கண்ணெல்லாம் மஞ்சளாகி, கன்னம் ஒட்டிப்போய் என் எதிரில் நிற்கிறான். அப்புறம் நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பையைப் போட்டேன், ஓடினேன், மீன் கடைப் பக்கம் வழுக்கி விழுந்தேன், "நான் ஒண்ணும் பண்ணலப்பா, என்னை விட்டுடு" என்று கும்பிட்டேன். அவன்தான் தூக்கி உட்காரவைத்துச் சோடா வாங்கிக் கொடுத்தான். அவனுக்கு மஞ்சள் காமாலையாம். ஒரு மாதமாகப் பாட்டி ஊரில் கிடந்துவிட்டு அன்றைக்குத்தான் வந்தானாம். கீழாநெல்லி வாங்க வந்தவனைத்தான் நான் பேயாக்கிவிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் தலையில் கையை வைத்துக்கொண்டான்.

"ஐயோ அங்கிள், அது நெஜ எலும்பு இல்ல, பிளாஸ்டர் மாவுல வார்த்த மாடல். காலேஜ் சொத்து. நாளைக்கு எங்களுக்கு பிராக்டிகல். துர்கா படிக்கிறதுக்காக மேடத்துக்கிட்ட கெஞ்சிக் கேட்டு வாங்கிட்டு வந்தது. அது இல்லன்னா அவளைப் பரீட்சையே எழுத வுடமாட்டாங்க. எங்க அது?"

அதுவரை அதை எப்படித் தொலைப்பது என்று பயந்தவன், அந்த நொடியிலிருந்து அதை எப்படி மீட்பது என்று பயந்தேன். பயத்துக்கு நடுவில் ஒரு மூச்சு விடக்கூட இடைவெளி கிடைக்கவில்லை.

திரும்பிப் போனால் நான் பையைப் போட்ட இடத்தில் ஒரே கூட்டம். லட்சுமி என்று ஒரு கிழங்குக் கடைக்காரப் பெண்மணி, யாரோ சேனைக்கிழங்கை விட்டுவிட்டுப் போகிறார்களே என்று பையைத் திறந்து பார்த்திருக்கிறார். அலறியிருக்கிறார். அப்புறம் என்ன நினைத்தாரோ, கவிழ்த்த கூடையின் மேல் அதை உட்காரவைத்து மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டார். பூக்கடையிலிருந்து கனகாம்பரம் வந்துவிட்டது. சன்ஷேடு புருவத்தில் குங்குமம். நான் சோடா குடித்து முடிப்பதற்குள் கற்பூரம் எரிகிறது. சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் ஒருவர் கூட்டத்தைக் கலைக்க வந்தவர், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். "யாருது இது?" என்று அவர் கேட்டார். என்னுடையது என்று சொல்ல வாயைத் திறந்தேன். கூட்டத்தோடு கூட்டமாகக் கன்னத்தில் போட்டுக்கொள்ளத்தான் முடிந்தது.

பிரேம்குமார் தைரியசாலி. முன்னால் போய், "அக்கா, இது சாமி இல்ல. லட்சக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி வாழ்ந்த நம்ம மூதாதையர்" என்றான். சொல்லியிருக்கவே கூடாது. "கேட்டீங்களா? படிச்ச புள்ளயே சொல்லிடுச்சி, மூதாதையராம்!" என்று ஒருவர் கத்தினார். இன்னொரு மாலை விழுந்தது. பூசணிக்காய் சுற்ற ஆரம்பித்தார்கள்.

இனி நம்மால் ஆகாது என்று பிரேம்குமார் துர்காவுக்குப் போன் போட்டான். நல்லவேளை, காலேஜ் வண்டி மலைப் பக்கத்தை விட்டுத் திண்டிவனம் தாண்டியிருந்தது. ஒரு மணி நேரத்தில் பையும் புழுதியுமாக நேரே மார்க்கெட்டுக்கு வந்து இறங்கினாள். அவள் கையால் அடி விழுந்தாலும் வாங்கிக்கொள்வது என்ற முடிவோடு நின்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். நேராகப் போய் லட்சுமி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா, மொதல்ல எதுக்கு பூ வச்சீங்க?"

"பயந்தாம்மா. கோவிச்சிக்கிச்சின்னா? பூ வச்சா கொஞ்சம் சாந்தமாவுமேன்னு."

"இன்னும் பயமா இருக்குதா?"

"பேசாம பாத்துக்கினே இருக்குதே. பேசிடுச்சின்னா பயம் போயிடும். இது இன்னா பாஷ பேசும்?"

"இவங்க நம்மள மாதிரி பேசினாங்களான்னே யாருக்கும் தெரியாதுக்கா. ஆனா கூப்ட்டா திரும்பிப் பாத்திருப்பாங்க." அவள் அந்தத் தாடையை மெதுவாகத் திருப்பிக் காட்டினாள். "இங்க பாருங்க. ஜார்ஜியாங்கிற நாட்டுல கெடச்ச எலும்பப் பாத்து வார்த்தது இது. பதினேழு லட்சம் வருஷத்துக்கு மேல ஆச்சு. ஒரு பல்லத் தவுர எல்லாம் வுழுந்துடுச்சி. வுழுந்த குழியெல்லாம் எலும்பு வளந்து மூடியிருக்குது பாருங்க. அப்படின்னா பல்லு வுழுந்த பொறவும் வருஷக்கணக்கா இருந்திருக்காங்க. அந்தக் காலத்துல கறியும் கெழங்கும்தான். இவங்களால மெல்ல முடியாது. யாரோ நசுக்கிக் குடுத்திருக்கலாம்னு சொல்றாங்க."

லட்சுமி அந்த மூடிப்போன குழிகளின் மேல் விரலை வைத்துப் பார்த்தார்.

"எங்க மாமியாருக்கு நாந்தான் சோத்தக் கொழைச்சிக் குடுத்தேன்" என்றார். பிறகு, "அப்ப இது சாமி இல்ல. யாரு வூட்டுப் பெரியவங்களோ. நடு மார்க்கெட்டுல இப்படி வைக்கக் கூடாது. எடுத்துக்கினு போம்மா" என்று அவரே தன் முந்தானையால் கற்பூரக் கரியைத் துடைத்துப் பையில் வைத்துக் கொடுத்தார். அவ்வளவு கூட்டமும் வழிவிட்டது. அந்த ஐந்து நிமிஷம் மட்டும் எனக்குப் பயமே இல்லை மச்சான். ஏன் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆட்டோவில் ஏறியதும் பழையபடி பயம் வந்துவிட்டது. குங்குமமும் மஞ்சளும் அந்த மாவில் ஊறிவிட்டிருந்தன. உங்கள் தங்கை புளி போட்டுத் தேய்த்தாள், எலுமிச்சை போட்டுத் தேய்த்தாள், போகவில்லை. திங்கட்கிழமை துர்காவோடு நானும் காலேஜுக்குப் போய்ப் பேராசிரியை நிர்மலா முன்னால் கைகட்டி நின்று நடந்ததெல்லாம் சொன்னேன். அந்த அம்மாள் குங்குமத்தைப் பார்த்தார், சிரித்தார். "இருக்கட்டும் சார், அழிக்க வேணாம். இனிமே இதையும் சேத்துத்தான் பாடம் நடத்தணும்" என்றார். பிறகு என்னை உட்காரச் சொல்லி, "பயந்ததுக்கு எதுக்கு இவ்வளவு வெக்கப்படுறீங்க? புதர் அசைஞ்சா காத்துன்னு நெனச்சி நின்னவங்களை சிறுத்தை தூக்கிட்டுப் போயிருக்கும். ஓடினவங்கதான் பொழச்சிருப்பாங்க. நாமெல்லாம் பயந்தவங்களோட பிள்ளைங்க சார்" என்றார். என் பயத்துக்கு இந்த ஜென்மத்தில் கிடைத்த ஒரே நற்சான்று அது. துர்கா பரீட்சை எழுதிவிட்டாள்.

இருந்தாலும் மச்சான், காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன், நிலவனை இந்தப் படிப்பில் சேர்த்துவிடாதீர்கள். இன்றைக்கு மண்டையோடு, நாளைக்கு முழு ஆளே வரலாம். உங்கள் வீட்டுக் கட்டில் எங்கள் கட்டிலைவிட உயரம். கணக்குப் படிக்கட்டும், வணிகம் படிக்கட்டும், மனுஷன் சம்பந்தப்படாத எதையாவது படிக்கட்டும். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடவும்.

அக்காவுக்கு என் வணக்கம். மருமகனுக்கு நீண்ட ஆயுளும் நிம்மதியான ஒரு வேலையும் அமைய இங்கிருந்தே மனதார ஆசீர்வதிக்கிறேன்.

நடுக்கத்தோடும் பிரியத்தோடும்,
தங்கள் தங்கை கணவன்,
கன்னியப்பன்.

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் எழுதாததாக நினைத்துக்கொண்டு, நிலவனை உடனே இந்தப் படிப்பில் சேர்த்து, இங்கேயே எங்கள் வீட்டில் தங்கிப் படிக்க அனுப்பிவைக்கவும். கடித உறையை ஒட்டப் பசை தேடி உள்ளே போனபோதுதான் தெரிந்தது, உங்கள் தங்கை அஞ்சல் வழியில் மானுடவியல் படிக்கச் சேர்ந்துவிட்டாளாம். துர்காதான் சேர்த்துவிட்டாளாம். முதல் பாடத்துக்கு, வீட்டில் இருக்கிற ஒரு ஆளை ஒரு வாரம் குறுக்கே பேசாமல் கவனித்து எழுத வேண்டுமாம். இந்தப் பின்குறிப்பை ஆரம்பித்ததிலிருந்து எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை. இப்போதுகூட ஏதோ குறித்துக்கொண்டாள். மருமகனை அடுத்த பஸ்ஸிலேயே ஏற்றிவிடுங்கள் மச்சான், அவளைக் கவனித்து எழுத என் பக்கம் ஒரு ஆளாவது வேண்டும்.