பெவர்லி வீட்டுக்கு வந்த புகார்

"உங்க வீட்டைப் பத்தி ஒரு புகார் வந்திருக்கு, பெவர்லி" என்றார் மால்கம், மேசையில் இல்லாத தூசியைத் தட்டியபடி.

பெவர்லி ஹோல்ராய்ட் சிரித்தாள். கவுன்சிலில் முதியோர் பாதுகாப்புப் பிரிவின் தலைவியே அவள்தான். எந்த வீட்டில் எந்தப் பெரியவரைப் பட்டினி போடுகிறார்கள், யாருடைய ஓய்வூதியத்தை யார் சுருட்டுகிறார்கள் என்று புகார் வந்தால் ஆள் அனுப்பி விசாரிப்பவள். மேலதிகாரி தமாஷ் செய்கிறார் என்று நினைத்தாள். மால்கம் தமாஷ் செய்து அந்த அலுவலகத்தில் யாரும் பார்த்ததில்லை என்பது அதன் பிறகுதான் ஞாபகம் வந்தது.

"என் வீடா? அங்க நானும் அப்பாவும் மட்டும்தானே இருக்கோம்!"

"அதான்" என்றார் மால்கம் சங்கடத்தோடு. "நம்ம ஆளுங்க வீடுன்னா பக்கத்து கவுன்சில்தான் விசாரிக்கணும். வியாழக்கிழமை கிளெக்னு ஒருத்தர் வருவார். இதுக்கு மேல எனக்கே சொல்ல மாட்டேங்கறாங்க. நீங்க போட்ட விதிதானே?"

அவள் போட்ட விதிதான். போட்டபோது நன்றாகத்தான் இருந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் அவள் காருக்கு முன்னால் ஒரு பஸ் போனது. அதன் முதுகில் பெவர்லியின் படமே பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. 'பக்கத்து வீட்டுப் பெரியவர் நலமா? சந்தேகம் வந்தால் ஒரு போன் போடுங்கள்!' ஒவ்வொரு சிக்னலிலும் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. யாரோ பார்த்திருக்கிறார்கள், சந்தேகப்பட்டிருக்கிறார்கள், போனும் போட்டுவிட்டார்கள்.

புகார் பொய் என்று கோபப்பட முடிந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அதற்கு அவள் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. போன மாதம் ஒரு சாயங்காலம் அப்பா சூப்பைக் கம்பளத்தில் கொட்டிவிட்டார். அன்று காலையிலிருந்து அது மூன்றாவது கொட்டல். பெவர்லி முழங்காலிட்டுத் துடைத்தபடி கத்தினாள்: "இதெல்லாம் எப்பத்தான் முடியும்?" அப்பாவின் காதுக் கருவி மேசைமேல் கிடந்தது, அவருக்குக் கேட்டிருக்காது. ஆனால் ஜன்னல் திறந்திருந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பிரெண்டா வீடு.

பிரெண்டாதான். வேறு யார்?

வீட்டுக்குள் நுழைந்தவள் விசாரணைக்கு வந்தவளைப் போலச் சுற்றிப் பார்த்தாள். அப்பா நார்மன் முட்டைக்கறை படிந்த கம்பளிச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். முழங்கைக்குக் கீழே கதவில் இடித்துக் கன்றிப்போன நீலக் காயம். பின்கதவின் உச்சியில், அவருக்கு எட்டாத உயரத்தில், ஒரு தாழ்ப்பாள். படியில் விழுந்துவிடக் கூடாதென்று அவளே போட்டது. வேறொருவர் வீடாக இருந்தால் 'முதியவரை அடைத்து வைத்திருக்கிறார்கள்' என்று அவளே எழுதியிருப்பாள்.

உடனே நாற்காலிமேல் ஏறித் தாழ்ப்பாளைக் கழற்றத் தொடங்கினாள்.

"அதை ஏன் கண்ணு கழட்டுற?" என்றார் நார்மன்.

"நீங்க சுதந்திரமா இருக்கத்தான்."

"எனக்கெதுக்கு? நீ போயேன் வெளியே. உன் பாட்டுக்குழு இன்னிக்குத்தானே?"

"உங்களை விட்டுட்டா?" என்று அவள் திருகாணியோடு மல்லுக்கட்டினாள். திருகாணியோடு கதவில் ஒரு துண்டும் பெயர்ந்து வந்தது. அதன் பிறகு கதவு மூடவே இல்லை. ராத்திரி முழுக்கப் படபடவென்று அடித்தது. காலையில் அப்பாவுக்கு இருமல்.

இருமுகிற கிழவரை விசாரணைக்குக் காட்ட முடியுமா? பெவர்லி அலுவலகத்துக்கு லீவு போட்டு, கடைக்கு ஓடி, கனமான புதுச் சட்டை ஒன்று வாங்கி வந்தாள். பழையதைக் கழற்ற நார்மன் சம்மதிக்கவில்லை. அவள் ஒரு கையை இழுக்க, அவர் மறு கையை இறுக்க, மூடாத கதவு வழியாக இருவரும் தோட்டத்துக்கே வந்துவிட்டார்கள்.

"விடு பெவ்! விடுன்னா விடு! கை வலிக்குது!"

வேலிக்கு மேலே பிரெண்டாவின் தலை தெரிந்தது. பெவர்லி சட்டையை விட்டாள். நார்மன் பூந்தொட்டிமேல் சாய்ந்து இன்னொரு காயம் வாங்கிக்கொண்டார்.

அன்று மாலை எலுமிச்சை கேக்கோடு போய் பெவர்லி, பிரெண்டா வீட்டு மணியை அடித்தாள்.

"எங்கப்பா என்கிட்ட ரொம்ப சந்தோஷமா இருக்கார், பிரெண்டா."

"இருக்கட்டுமே, நல்லதுதான்."

"நான் அவரை அடிக்கிறதெல்லாம் கிடையாது."

பிரெண்டா கேக்கையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் ஒண்ணும் கேக்கலையேம்மா?"

"நீ போன் பண்ணினதுல எனக்கு வருத்தமே இல்லை. என் போஸ்டரைப் பார்த்துத்தானே பண்ணின?"

"எந்த போன்?" என்றாள் பிரெண்டா. அவள் முகத்தில் அதுவரை இல்லாத ஒரு சந்தேகம் அப்போதுதான் முளைத்தது. "பெவர்லி, உங்க வீட்ல என்ன நடக்குது?"

பெவர்லிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. தானே போய் ஒரு சாட்சியைத் தயார் செய்துவிட்டு வந்திருக்கிறாள்! அப்படியானால் போன் போட்டது யார்? தபால்காரரா? மருந்துக்கடைக்காரரா? ஊரே சேர்ந்தா?

கடைசி வழி, அப்பாவைத் தயார் செய்வது. அப்பாவுக்கு இறைச்சியும் உருளைக்கிழங்கும் சூடாகப் பரிமாறிவிட்டு, பாத்திரம் கழுவும் தொட்டி ஓரமாக நின்றபடி ஒரு ரொட்டித் துண்டைக் கடித்தாள். அவளுடைய ராத்திரிச் சாப்பாடு அதுதான்.

"அப்பா, நாளைக்கு ஒருத்தர் வருவார். சும்மா பேசத்தான். பெவர்லி உங்களை எப்படி வச்சிருக்கான்னு கேட்டா என்ன சொல்வீங்க?"

நார்மன் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "உக்காந்து சாப்பிடேன் கண்ணு."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கப்பா!"

"உண்மையைச் சொல்வேன்" என்றார் அவர். பெவர்லி மீதி ரொட்டியைக் குப்பையில் போட்டாள்.

வியாழக்கிழமை கிளெக் வந்தார். ஆள் பெரிய உருவம். ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிடும். பின்கதவு அடிக்கும் சத்தத்துக்கு இரண்டு முறை திடுக்கிட்டார்.

"நான் வந்தது... முதல்ல சம்பந்தப்பட்டவரைத் தனியா..."

"தெரியும்!" என்று எழுந்தாள் பெவர்லி. "பாதிக்கப்பட்டவரைத் தனியாத்தான் விசாரிக்கணும். நான்தான் எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கறேன். அப்பா, இவரோட பேசுங்க. பயப்படாம பேசுங்க."

"இல்ல மேடம், நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

அதற்குள் அவள் அறைக் கதவைச் சாத்திவிட்டுத் தோட்டத்துக்குப் போயிருந்தாள். தூறல் போட்டது. கோட்டு உள்ளே மாட்டியிருந்தது. எடுக்கப் போனால் ஒட்டுக்கேட்க வந்ததாக நினைப்பார்களே என்று நனைந்துகொண்டே நின்றாள்.

"உன்னை வெளியே நிறுத்திட்டாங்களா?" என்று வேலிக்கு மேலிருந்து கேட்டாள் பிரெண்டா.

"இல்லை, நானா வந்தேன்."

"அப்படித்தான் எல்லாரும் சொல்வாங்க" என்றாள் பிரெண்டா. அதுவும் பெவர்லியின் போஸ்டரில் இருந்த வாசகம்தான்.

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு யாரோ மூக்கைச் சிந்தும் சத்தம். அப்பா அழுகிறார். சொல்லிவிட்டார், எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். இத்தனை வருஷம் எத்தனை மகள்களை, மகன்களை எதிரே உட்காரவைத்து, புருவத்தை உயர்த்திக் கேள்வி கேட்டிருக்கிறாள்! அவர்களெல்லாம் ஏன் தரையையே பார்த்தார்கள் என்பது இப்போது விளங்கியது. வெட்கத்தில் காது மடல்வரை எரிந்தது.

அதற்கு மேல் தாங்கவில்லை. சொட்டச் சொட்ட உள்ளே ஓடினாள்.

"நான்தான் கத்தினேன்!" என்றாள். "சூப் கொட்டினப்போ எப்பத்தான் முடியும்னு கத்தினேன். தாழ்ப்பாள் போட்டதும் நான்தான். அந்தக் காயத்துல ஒண்ணு கதவால, இன்னொண்ணு என்னால. பஸ்ஸுல இருக்கிற என் படத்தைக் கிழிச்சிடுங்க. அவரை வேற எங்கயாவது நல்ல இடத்துல வச்சுப் பார்த்துக்கங்க. ஆனா எங்கப்பாவை ஞாயித்துக்கிழமையாவது நான் வந்து பார்க்கணும்!"

நார்மன் தலையைக் குனிந்துகொண்டார். காதுக் கருவி காதில்தான் இருந்தது.

"சூப் கொட்டின அன்னிக்கும் கருவியை மாட்டித்தான் இருந்தேன்" என்றார் மெதுவாக. "மேசைல கிடந்தது பழசு."

பெவர்லி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அப்பாவும் அவளைப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் அந்தக் கம்பளத்தையே பார்த்தார்கள்.

கிளெக் கோப்பையைக் கீழே வைத்தார். தன் கோட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டார். முதன்முறையாக அவர் பேச்சில் யாரும் குறுக்கிடவில்லை.

"மேடம், வந்ததுலேர்ந்து சொல்லப் பார்க்கறேன். நான் தனியா பார்க்க வந்தது உங்களைத்தான். ஒரு கிழவன் தன் மகளை வீட்டோட அடைச்சு வச்சிருக்கான், உக்காந்து சாப்பிடக்கூட விடறதில்லை, எங்கேயும் போகவிடறதில்லை, அவளைக் காப்பாத்துங்கன்னு போன் வந்தது."

"யார் பண்ணினது?" என்றாள் பெவர்லி.

"அதை நான் சொல்லக் கூடாது, உங்க விதி. ஆனா போன் பண்ணினவர்கிட்ட கொடுமை பண்ற ஆளோட பேரைக் கேட்டதும், தன் பேரையே ரெண்டு தடவை எழுத்துக்கூட்டிச் சொன்னார்."