தராசில் ஏறிய ராசாத்தி

தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, தேயிலைத் தோட்டத்துக்கே வாழ்க்கைப்பட்டும் எனக்குக் கொழுந்து எடுக்க வராது. சிலருக்குப் பாட வராது, சிலருக்குச் சமைக்க வராது, எனக்குக் கொழுந்து வராது. பேச்சு வரும். (கைக்குப் பதிலா வாயால பறிக்கலாம்னா இவதான் தோட்டத்துக்கே ராணி என்பார் எங்க வீட்டுக்காரர்.) அப்படிப்பட்ட நான் ஒரு நாள் காலை நிறுவையில் அத்தனை பெண்களையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டு முதலாவதாக வந்தேன். அதுவும் துரையின் கண் முன்னால். கேட்டுவிட்டுத் தாராளமாகச் சிரியுங்கள். எங்கள் குடும்பம் சிரித்துச் சிரித்து எனக்கு அது பழகிப்போய்விட்டது.

நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்துச் சில வருஷம் ஆகியிருந்த நேரம். ராகலைப் பக்கம் இருந்த எங்கள் தோட்டத்துக்கு அந்தச் சங்கதி வந்து சேரவில்லை போல. பங்களாவில் அதே வெள்ளைக்காரத் துரைதான் இருந்தார். நான் நோர்வூட் பக்கத்திலிருந்து கல்யாணம் கட்டி வந்த புதுப்பெண். எங்கள் வீட்டில் சீராகக் கொடுத்தது ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பித்தளைக் குடம், கொஞ்சம் பாத்திரம் பண்டம். யாரும் கொடுக்காமல் தானாகவே லாரியில் ஏறிக்கொண்டது ராசாத்தி.

ராசாத்தி என் நாய். குட்டைக்கால், செம்மண் நிறம், ஒரு காது நிமிர்ந்திருக்கும், மற்றது தூங்கிக்கொண்டிருக்கும். லாரியை விட்டு இறங்கியதும் என் மாமியார் ஆரத்தித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார், நாயைப் பார்த்தார்.

"பொண்ணு ஒண்ணுதானேப்பா பேசுனோம்? இது எந்தக் கணக்கு?"

புகுந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் வரவேற்பு அதுதான்.

மாமியாரின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அவர் கோழி வளர்க்கிறவர். வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் காம்பராவுக்கு முன்னால் திண்ணை மாதிரி ஒரு சின்ன இஸ்தோப்பு, அதுதான் கோழிகளின் அரண்மனை. நாங்கள் உள்ளே ஒரே அறையில் நெருக்கியடித்துப் படுத்திருப்போம். கோழிகள் வெளியே காலை நீட்டித் தூங்கும். அடை வைப்பதென்றால் மாமியாருக்கு ஒரு பூசை மாதிரி. கூடையில் வைக்கோல் பரப்பி, முட்டைகளை அடுக்கி, இடி இடித்தால் முட்டை கலங்கிவிடும் என்று ஒரு கரித்துண்டும் ஒரு இரும்பாணியும் ஓரத்தில் செருகுவார். அந்தக் கூடைக்குப் பக்கத்தில் நான் தும்மினால்கூட முறைப்பார். நாய் வந்தால் விடுவாரா?

ஆனால் ராசாத்திக்குக் கூடை என்றால் உயிர். எந்தக் கூடையைப் பார்த்தாலும் உள்ளே ஏறிச் சுருண்டு தூங்கிவிடும். அடைக்கோழிக் கூடைக்குள் இடமில்லாததால் அதைச் சுற்றி வளைந்து படுத்துக்கொண்டது. கோழி கொத்தியது, இது கண்ணைக்கூடத் திறக்கவில்லை. குஞ்சு பொரித்த பிறகு ஒரு நாள் பருந்து இறங்கியது. ராசாத்தி போட்ட சத்தத்தில் பருந்து மட்டுமல்ல, பக்கத்து லயத்தில் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பேரும் எழுந்து ஓடினார்கள். மாமியார் ஒரு வார்த்தை பாராட்டவில்லை. அன்றிலிருந்து அவர் தட்டிலிருந்து ஒரு ரொட்டித் துண்டு தவறிக் கீழே விழ ஆரம்பித்தது. தினமும், அதே இடத்தில்.

இப்படி நிம்மதியாக இருந்தபோதுதான் குண்டு விழுந்தது. காலையில் எல்லாரும் வேலைக்குக் கூடுகிற பெரட்டில், வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா நின்று சத்தம் போட்டார். துரையின் மனைவி துரைசாணி அம்மா சீமையிலிருந்து வரவழைத்த வெள்ளைக் கோழிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றனவாம். லயத்து நாய்கள்தான் தின்கின்றனவாம். நாளைக்குக் காவல்காரர் துவக்கோடு லயத்துக்கு வருவாராம், ஒரு நாய் மிச்சம் இருக்கக் கூடாதாம்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ராசாத்தியைச் சுடுவதா? கோழிக்குஞ்சு முதுகில் ஏறி விளையாடினாலும் சும்மா கிடக்கிற நாயையா? அந்த ஊரில் எனக்கு முன்பின் தெரிந்த முகம் அது ஒன்றுதான். புருஷன் முகம்கூட அப்போது பாதிதான் பழகியிருந்தது.

"தொரை உத்தரவு, நாம என்ன செய்யிறது?" என்றார் எங்க வீட்டுக்காரர். அவர் நல்ல மனுஷர். துரையின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே வேட்டியைச் சரிசெய்துகொள்வார்.

"அந்த நாய் பங்களாப் பக்கமே போனதில்லைங்க" என்று அழுதேன்.

மாமியார் கோழிகளை அடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் விடியும்போது எனக்கு மூளை வேலை செய்தது. (எனக்கு அது எப்போதாவதுதான் வேலை செய்யும், செய்கிற அன்றைக்கு ஊரே ஒளிந்துகொள்வது நல்லது.) என் கொழுந்துக் கூடையைக் கீழே வைத்தேன். ராசாத்தி தானாகவே ஏறிச் சுருண்டுகொண்டது. மேலே கம்பளியைப் போர்த்தி, கயிற்றைத் தலையில் மாட்டி, வெறுங்கூடைக்காரி மாதிரி விறுவிறுவென்று மலைக்கு நடந்தேன். கழுத்து ஒடிந்துவிடும் போல இருந்தது.

மலையில் நான் பறிக்கிற தேயிலை வரிசைக்கு, என் நெரைக்கு, பக்கத்து நெரை மாமியாருக்கு. நாயை இறக்கி, மழைத்தண்ணீர் ஓடுகிற கானோரத்துச் செடி ஒன்றில் கட்டினேன். சும்மா இருக்கிறதா? கான் கரையைப் பரபரவென்று பிறாண்டுகிறது. எலி வளையாக்கும் என்று நினைத்து, ஒரு அதட்டல் போட்டு இழுத்து வேறு பக்கம் கட்டினேன். நிமிர்ந்து பார்த்தால் மாமியார் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"அத்தே..." என்றேன்.

"நான் ஒண்ணும் பாக்கலை" என்று திரும்பிக்கொண்டார் அத்தை. முகத்தைத் திருப்பியபடியே, "அது பட்டினியா கெடக்கும்" என்று மடியிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்து நீட்டினார். அடி ஆத்தே, எனக்கு அந்த இடத்திலேயே அவர் காலில் விழத் தோன்றியது.

நிறுவை நேரம் வந்தது. நாயை அங்கேயே விட்டுவிட்டுப் போவதாகத்தான் திட்டம். ஆனால் லயத்தில் ஒரு நாய்கூடச் சிக்காத ஆத்திரத்தில் காவல்காரர் துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு மலைப்பக்கம் வருவது தெரிந்தது. அவசர அவசரமாக ராசாத்தியைக் கூடைக்குள் அமுக்கி, பறித்த கொழுந்தை அதன் தலைமேலேயே கொட்டி மூடினேன். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் ஓரமாகக் கடைசியில் நின்று, எப்படியாவது நழுவிவிடலாம் என்று பார்த்தேன். தராசு தூக்குகிற ஆள் என் திணறலைப் பார்த்து இரக்கப்பட்டு, "குடு தங்கச்சி" என்று கூடையைப் பிடுங்கிக் கொக்கியில் மாட்டிவிட்டார்.

நிறுவை பார்க்கிற கணக்கப்பிள்ளை ஐயா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"இருபத்தெட்டு ராத்தல்! ஏ புள்ள, நீயா? ஏய், எல்லாரும் இங்க பாருங்க! நேத்து வந்த சின்னப் புள்ள இது. நீங்கள்லாம் அங்க என்னத்தைப் பறிக்கிறீங்க?"

பெண்கள் என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தானா மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்க வேண்டும்! துரை வந்து இறங்கினார். பின்னாலேயே அவருடைய டியூக்கும் ஓடிவந்தது. கன்றுக்குட்டி உயரத்தில் சீமை நாய். துரை வேட்டைக்குப் போனால் சுட்ட பறவையைத் தேடிக் கவ்விக்கொண்டு வந்து அவர் காலடியில் வைக்கும்.

"தொரைங்களே, இந்தப் பொண்ணு காலைக் கொழுந்து இருபத்தெட்டு ராத்தல்!" என்று கணக்கப்பிள்ளை பல்லைக் காட்டினார்.

"நல்ல பொண்ணு" என்றார் துரை. ஆனால் அவர் லேசுப்பட்டவர் இல்லை. மேலே நல்ல கொழுந்தைப் போட்டு அடியில் முற்றின இலையை மறைக்கிறவர்களைக் கண்டவர். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, கூடைக்குள் முழங்கை வரை விட்டார். என் குலதெய்வம் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது.

துரையின் கை அசையாமல் நின்றது.

"ஈரம் இருக்கு" என்றார்.

"பனிக் கொழுந்துங்க தொரை, ஈரமாத்தான் இருக்கும்" என்றார் கணக்கப்பிள்ளை.

"சூடு இருக்கு."

"அமுக்கி வச்சிருக்குங்க தொரை, சூடாகத்தான் செய்யும்."

"நக்குது" என்றார் துரை.

கணக்கப்பிள்ளை மறுபடியும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

தலை நிறையக் கொழுந்தோடு ராசாத்தி மெதுவாக எழுந்து, தராசில் தொங்கிக்கொண்டே எல்லாருக்கும் வாலை ஆட்டியது. என் மானம் கப்பலேறியது. டியூக் ஒரு குரைப்புக் குரைத்ததுதான் தாமதம், ராசாத்தி கூடையிலிருந்து குதித்துப் பிடித்தது ஓட்டம். காவல்காரர் துவக்கைத் தூக்கினார்.

"மொதல்ல என்னைச் சுடுய்யா!"

யார் குரல் என்று திரும்பிப் பார்த்தேன். என் அத்தை துவக்குக்கு முன்னால் போய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார்! காவல்காரர் வெலவெலத்துப்போய்த் துவக்கை இறக்கிவிட்டார். நான் அதற்குள் நாய்க்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் கணக்கப்பிள்ளை, அவருக்குப் பின்னால் துரை, அவருக்குப் பின்னால் கூடையோடும் கூடையில்லாமலும் அத்தனை பெண்களும்.

ராசாத்தி நேராகப் போனது, காலையில் பிறாண்டிய அதே கான் கரைக்குத்தான். போனதும் மண்ணை வாரி இறைத்தது. டியூக்குக்குப் பொறுக்கவில்லை. பாய்ந்து வந்து ராசாத்தியை இடித்துத் தள்ளிவிட்டு, தன் சொத்தைக் காப்பாற்றுகிற மாதிரி குழிக்குள் தலையை விட்டது. வெளியே எடுத்தபோது வாயில் ஒரு வெள்ளைக் கோழி. காலில் துரைசாணி அம்மா மாட்டிவிட்ட நீல வளையம்.

அந்த நாயின் பெருமையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கோழியைக் கவ்விக்கொண்டு கம்பீரமாக நடந்து வந்து, துரையின் சப்பாத்துக்கு முன்னால் பக்குவமாக வைத்து, நிமிர்ந்து உட்கார்ந்தது.

துரையின் முகத்தில் ஈயாடவில்லை.

"டியூக்! நோ!" என்று கத்தினார். அது இன்னொன்று கேட்கிறார் என்று நினைத்துவிட்டது. திரும்ப ஓடியது, இன்னொரு கோழியைக் கொண்டுவந்து முதலாவதுக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தது. துரை இன்னும் பலமாகக் கத்தினார். பாவம், சொல் கேட்கிற நாய், மூன்றாவதையும் கொண்டுவந்தது. அதில் இறகும் வளையமும்தான் மிச்சம்.

யாரோ ஒருத்தி முக்காட்டுக்குள் களுக்கென்று சிரித்தாள். அவ்வளவுதான், மலையே சிரித்தது. துரையின் காது இரண்டும் கொவ்வைப்பழமாகிவிட்டன.

அத்தை மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். கையோடு காவல்காரரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"சலாங்க தொரை. கோழி தின்ன நாயைத்தானே சுடச் சொன்னீங்க? இவரு காத்துக்கிட்டு இருக்காரு. எந்த நாய்னு தொரையே சொல்லிருங்க."

சிரிப்பு நின்றது. இப்படி ஒரு பேச்சை அந்தத் தோட்டத்தில் துரையிடம் யாரும் பேசியதில்லை. துரை டியூக்கைப் பார்த்தார். அது இன்னும் பாராட்டுக்காகக் காத்திருந்தது. துவக்கைப் பார்த்தார். என் அத்தையைப் பார்த்தார். கடைசியில் அவர் உதடே கோணிக்கொண்டு சிரிக்கத் தொடங்கிவிட்டது.

"நாய் சுடுறது இல்லை" என்றார். "ஒரு நாயும் சுடுறது இல்லை. நீ போ" என்று காவல்காரரை விரட்டினார். பிறகு கணக்கப்பிள்ளையிடம் திரும்பி, என் கூடையைக் காட்டி, "நாய் கழிச்சுப் போடு" என்றார்.

நாய் நீங்கலாக ஏழு ராத்தல். அன்றைக்கும் நான்தான் கடைசி.

அதனால் என்ன! அன்று சாயங்காலம் நாங்கள் லயத்துக்குத் திரும்பியது தேர்த் திருவிழா. அத்தைதான் ராசாத்தியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். என்னைத் தொடக்கூட விடவில்லை. செய்தி கேட்டதும் லயத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஒரு வீட்டில் விறகு அடுக்குக்குப் பின்னாலிருந்து ஒரு நாய், ஒரு வீட்டில் கோழிப் பஞ்சாரத்துக்குள்ளிருந்து ஒரு நாய், ஒரு வீட்டில் சேலை சுற்றித் தொட்டிலில் போட்டிருந்த ஒரு நாய். மூளை எனக்கு மட்டும்தான் வேலை செய்தது என்று நினைத்திருந்தேன், ஊருக்கே செய்திருக்கிறது. அன்று முதல் ரொட்டித் துண்டு தவறி விழவில்லை. அத்தை கையாலேயே ஊட்டினார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எது கொஞ்சம் அளவுக்கு மீறி நன்றாக இருந்தாலும் ஒரே கேள்விதான்: "கைய விட்டுப் பாத்தியா?" பையன் பரீட்சையில் நிறைய மார்க் வாங்கி வந்தாலும் அதுதான், நான் ஒரு நாள் குழம்பை நன்றாக வைத்துவிட்டாலும் அதுதான்.

என் மகளைப் பெண் பார்க்க நானுஓயாவிலிருந்து வந்தவர்கள் மாப்பிள்ளையைப் புகழ்ந்து தள்ளினார்கள். குடிக்க மாட்டாராம், கோபமே வராதாம், பெரியவர்கள் பேச்சைத் தட்டவே மாட்டாராம். அத்தைக்கு அப்போது நல்ல வயசாகிவிட்டது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி தாயி, கைய விட்டுப் பாத்தீங்களா?" என்றார். எங்கள் வீட்டு ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்ததில் காப்பித் தட்டே கவிழ்ந்துவிட்டது. வந்தவர்கள் திகைத்துப்போனார்கள். சம்பந்தம் போச்சு என்று நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். மாப்பிள்ளைதான் மெதுவாக, "அது என்ன கதைங்க, பாட்டி?" என்று கேட்டார். கேட்டு முடித்து, எங்களைவிட அதிகமாக அவர்தான் சிரித்தார். அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம் முடிந்தது.

இப்போது அந்தக் கதையைச் சொல்கிற உரிமை மாப்பிள்ளைக்குத்தான். எங்கள் எல்லாரையும்விட நன்றாகச் சொல்கிறார். ஒவ்வொரு தடவையும் என் கூடையின் எடையைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போகிறார். போன பொங்கலுக்கு நாற்பது ராத்தலைத் தாண்டிவிட்டது. நான் திருத்துவதில்லை. கொழுந்து எடுக்க வராத எனக்கு, வீட்டில் உட்கார்ந்தபடியே நிறுவை ஏறுவது கசக்கவா செய்யும்?