பின்னாடி சார்

ஆம்பூரில் யார் வீட்டு அடுப்பு எந்த மூலையில் இருக்கிறது, யார் வீட்டு ஃபேன் ஆடிக்கொண்டே சுற்றுகிறது என்பதையெல்லாம், ஒருவர் வீட்டு வாசற்படியையும் மிதிக்காமல் தெரிந்துவைத்திருந்த ஒரே மனிதர் எங்கள் பள்ளி அறிவியல் வாத்தியார்தான்.

ஊரடங்குக் காலம். பள்ளியைப் பூட்டிவிட்டு எல்லோரும் செல்போனில் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். அவர் ஒளிவிலகல் என்று ஆரம்பிப்பார். ஏதாவது ஒரு பிள்ளையின் படத்தில் கண் நின்றுவிடும். "டேய், உனக்குப் பின்னாடி இன்னா அது?" ஒளி அங்கேயே நிற்கும், பாடம் வேறு பக்கம் போய்விடும். அப்படித்தான் அவர் 'பின்னாடி சார்' ஆனார்.

ஒரு மாணவியின் பின்னால் குக்கர் இருந்தது. விசில் வரும்வரை வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. வந்ததும் ஒரே கைதட்டல். சமைத்துக்கொண்டிருந்த அம்மா வெட்கப்பட்டு ஓடிவிட்டார். அணைக்கட்டு என்ற ஊரிலிருந்து படிக்கும் மாணவன் ஒருவன் மாட்டுக்கொட்டகையிலிருந்து வகுப்புக்கு வந்தான்.

"அந்த எருமை வாயில இன்னாடா மெல்லுது?"

"ஒண்ணும் போடல சார்."

"ஒண்ணும் போடாம எப்படிடா மெல்லும்?"

வகுப்பு முடியும்வரை திரை முழுக்க எருமை வாய். எருமையும் நன்றாக ஒத்துழைத்தது.

பிறகு புகார் வந்தது. கொடுத்தவர் ருக்சானா என்ற மாணவியின் அப்பா, தோல் வியாபாரி. தலைமையாசிரியை முன்னிலையில் வீடியோவிலேயே பஞ்சாயத்து. வகுப்பாசிரியன் என்பதால் நானும் இருந்தேன்.

"பொம்பளைங்க நடமாடுற எடம் மேடம். இவரு தினம் உள்ள பூந்து பாத்தா பேஜாரா இருக்குது. இன்னொரு தபா நடந்தா டிசி வாங்கிட்டுப் போயிடுவேன்."

பின்னாடி சார் வாதாடவில்லை. "நீங்க சொல்றது நியாயம் பாய். எனக்கு இது தோணவே இல்ல. மன்னிச்சிடுங்க."

"அடுத்த புகார் வந்தா நீங்க வேற ஸ்கூல்தான் பாக்கணும் சார்" என்றார் தலைமையாசிரியை.

மறுநாள் முதல் பின்னாடி சார் எல்லாப் பிள்ளைகளையும் கேமராவை அணைக்கச் சொல்லிவிட்டார். திரை முழுக்கக் கறுப்புக் கட்டங்கள். "புரியுதா?" என்பார். "புரியுது சார்" என்பார்கள், எதுவும் புரியாத குரலில். நானும் அவ்வப்போது வகுப்பில் எட்டிப்பார்ப்பேன்; அவர் குரலும் நாளுக்கு நாள் தேய்ந்தது. வேலையையே விட்டுவிடுவாரோ என்று பயந்தேன்.

ஒரு காலையில் தன் போனைத் திருப்பினார். "உங்க வீட்ட கேக்க மாட்டேன். என் வீட்ட பாருங்க."

ஒற்றை அறை. அவரைத் தவிர யாருமில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து பழைய தோல்செருப்பு ஒன்றை எடுத்துக் கேமராவில் ஒட்டினாற்போல் காட்டினார். அதன்மேல் வெள்ளையாகப் பஞ்சு பூத்திருந்தது. "இது உயிரா, அழுக்கா? சொல்லுங்க."

திடீரென்று ருக்சானாவின் கட்டத்திலிருந்து ஒரு கட்டைக் குரல்: "சார், ஒரு டவுட்டு."

கேமரா திறந்தது. அவள் அப்பா! பின்னால் அடுக்கடுக்காகத் தோல். புகாருக்குப் பிறகு காவலுக்காக மகளைக் குடோனில் தன் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டவர், தினமும் பாடம் கேட்டிருக்கிறார்.

"எங்க குடோன்லயும் மழை வந்தா இப்படித்தான் பூக்குது. கதவ மூடித்தானே வெச்சிருக்கோம், எங்கேர்ந்து சார் வருது?"

வாத்தியார் முகத்தில் களை திரும்பியது. "காத்துலயே இருக்குது பாய்! பூஞ்சையோட வித்து. கண்ணுக்குத் தெரியாது."

"அப்போ என் மூஞ்சி மேலயும் இருக்குதா?"

"இருக்கும்."

பாய் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்து, கண் மட்டும் தெரிய மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு அடுத்த சந்தேகத்துக்குப் போனார். பிள்ளைகளுக்கு வாயைத் திறக்க இடமே கிடைக்கவில்லை. அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியை மேற்பார்வைக்கு வந்து சேர்ந்தார்.

"யார் இவரு? எந்த செக்‌ஷன்?"

"புது அட்மிஷன் மேடம்!" என்றது ஏதோ ஒரு கறுப்புக் கட்டம்.

அதோடு புகாரும் போயிற்று, டிசி பேச்சும் போயிற்று.

ஆண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை விட்டாயிற்று. ஒரு மதியம் வகுப்புக் குழுவில் அவருடைய லிங்க் வந்தது. என்னவென்று பார்க்க உள்ளே போனேன். பாடம் ஏதும் நடக்கவில்லை. யாரும் கேட்காமலே எல்லாக் கேமராவும் திறந்திருந்தது. ஒருத்தி தலை பின்னிக்கொண்டிருந்தாள், மற்றவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் பின்னாடி சார், தயிர்சாதத்தோடு.

"இன்னா சார், லீவுல கிளாஸா?" என்று கேட்டேன்.

"கிளாஸ் இல்ல சார்" என்றார், கொஞ்சம் கூச்சத்தோடு. "நான் தனியா சாப்புட வேணாம்னு பசங்க சொல்லிட்டாங்க."

நானும் தட்டை எடுத்துவந்து போன் முன்னால் உட்கார்ந்தேன்.