வரட்டும் வரட்டும் ஆசாமி

லாரி ரிவர்ஸில் வரும்போது, டிரைவர் கேட்காமலே கையை ஆட்டிக்கொண்டு "வரட்டும், வரட்டும்" என்று ஒருவர் நிற்பார், பார்த்திருப்பீர்கள். லாரி ஒழுங்காக நின்றுவிட்டால் நெற்றியைத் துடைத்துக்கொள்வார். சுவரில் இடித்தால் டிரைவரை முறைப்பார். இந்த இனம் தெருவில் மட்டும்தான் திரிகிறது என்று நினைத்தால் அது உங்கள் அப்பாவித்தனம். படித்து, பட்டம் வாங்கி, ஆராய்ச்சிக்கூடத்துக்குத் தலைவராகவும் வரும்.

அப்படி ஒரு தலைவரை மாணவி ஒருத்தி ஆறு வருஷமாகக் கவனித்துவந்தாள். யார் நுண்ணோக்கியில் குனிந்தாலும் பின்னால் வந்து நிற்பார். ஆள்காட்டி விரல் தானாகக் காற்றைத் தள்ளும்.

அன்று அவளுக்கு இருந்தது ஒரே ஒரு காலைப்பொழுது. மதியம் நுண்ணோக்கியை வேறு துறைக்காரர்கள் தூக்கிப்போகிறார்கள். திரும்பிவர மூன்று மாதம். பதினோரு நாள் செல்களை வளர்த்துச் சாயம் ஏற்றியதில் ஒரே ஒரு செல் தோதாக அமைந்திருந்தது. அதைப் படம் பிடித்தால்தான் பட்டம். விளக்கு எரிய எரியச் சாயம் மங்கும் என்பதால் அணைத்தே வைத்திருந்தாள். கேமராவை ஓடவிடப் போன நேரத்தில் தலைவர் தன் மச்சானோடு நுழைந்தார்.

"சார், விளக்கு போட்டா சாயம் அஞ்சு நிமிஷம்தான் தாங்கும். கண்ணால பாத்தா வெளிச்சம் கேமராவுக்குப் போகாது சார்..."

"எனக்கே பாடமா? தள்ளும்மா. மச்சான், வாங்க, பாருங்க." விளக்கைத் தலைவரே போட்டார்.

"என்ன மாப்ள, ஏதோ மூட்டை நகருது!"

நகரத்தான் நகர்ந்தது. செல்லுக்குள் தண்டவாளம் போல ஓடும் நுண்குழாயின் மேல், இரண்டு கால் உள்ள ஒரு புரதம், தன்னைவிடப் பல மடங்கு பெரிய மைட்டோகாண்ட்ரியாவைத் தலையில் ஏற்றிக்கொண்டு, ஒரு காலை ஊன்றிய பிறகே மறு காலை எடுத்து, மேஸ்திரி இல்லாமல், சங்கம் இல்லாமல், டீ கேட்காமல் போய்க்கொண்டிருந்தது.

மச்சானை நகர்த்திவிட்டுத் தலைவர் கண்ணை வைத்தார். "வரட்டும், வரட்டும்... இடது கால்... ம், இப்ப வலது."

அந்த நுண்ணோக்கியில் மூட்டை மினுக்குவதுதான் தெரியும். காலாவது, தெரிவதாவது!

நடுவழியில் மூட்டை நின்றது. எதிர்த்திசையில் இழுக்கும் இன்னொரு புரதமும் அதே மூட்டையில் தொற்றிக்கொண்டிருந்தது; இரண்டும் மல்லுக்கட்டின.

"விடாதே! பிடி!" தலைவருக்கு வேர்த்துவிட்டது. மூட்டை மறுபடி நகர்ந்தது. "பாத்தீங்களா? நான் சொல்லலேன்னா அங்கேயே நின்னிருக்கும்."

"அதுக்குக் காது கேக்குமா மாப்ள?"

"எல்லாம் அனுபவம் மச்சான்."

"சார், விளக்கு..."

"இரும்மா."

இருந்தாள். பன்னிரண்டு நிமிஷம். மினுமினுப்பு தேய்ந்து, எல்லாம் கருத்துப்போயிற்று.

"போய்ச் சேந்துருச்சு," என்றார் தலைவர், திருப்தியாக.

மூன்று மாதம் கழித்து, மறுபடி செல் வளர்த்து, கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு, நாலே நிமிஷத்தில் படம் எடுத்தாள். பட்டம் கிடைத்தது. பாராட்டுக் கூட்டத்தில், "நான்தான் இந்தப் பொண்ணைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தேன்," என்றார் தலைவர். மச்சான் கைதட்டினார்.

சிரிக்கிறீர்களா? ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த லிஃப்ட் பொத்தானை நேற்று இன்னொரு தடவை அமுக்கியது யார்? இதைப் படிக்கும் இந்த நிமிஷமும் உங்கள் உடம்புக்குள் கோடிக்கணக்கான மூட்டைகள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. உங்களை யாரும் கேட்கவில்லை.