புனிதரை வெளியே நிறுத்திய தேர்வு

கிகிந்தா,
டிசம்பர் கடைசி ஞாயிறு

அன்புள்ள வோயின் அண்ணனுக்கு, தங்கை ரட்மிலா எழுதுவது. இங்கே நானும் ஸ்மில்யா அத்தையும் சுகம், இணைய மோடமும் சுகம். அங்கே கிராட்ஸில் நீயும் அண்ணியும் பிள்ளைகளும் சளி இருமல் அண்டாமல் இருக்க வேண்டும்.

இன்று காலை எழுந்ததும், காப்பிகூடப் போடாமல், நாற்காலி மேல் ஏறி என் பழைய கணினி சர்வர் சான்றிதழைச் சுவரிலிருந்து கழற்றினேன். அதற்குப் பின்னால் ஒரு விரிசல் இருந்தது. அந்தச் சான்றிதழ் என் வேலையை மட்டும் தாங்கவில்லை, சுவரையும் சேர்த்துத்தான் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த ஆணியில் இன்று மாலை புதியது ஏறும். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நம் குடும்பப் புனிதரின் திருநாள் அன்று போன் அடித்து அடித்து ஓய்ந்துபோய், "நிக்கோலா நாள்ல நம்ம வீடு சத்தமில்லாம இருந்ததே கிடையாது, ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டு பண்டிகையையே நிறுத்திட்டீங்களா" என்று மறுநாள் அத்தையிடம் நீ கத்தியதாகக் கேள்வி. நாங்கள் நிறுத்தவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், முழுவதையும் படித்துவிட்டுக் கோபப்படு.

அக்டோபரில் எங்கள் பால்பண்ணை மேலாளர் ஸ்டானிமிர் என் அறைக்கு வந்து, சர்வர்களின் மேல் கையை வைத்துக்கொண்டு, "உன் சர்டிஃபிகேட் ரிட்டயர் ஆயிடுச்சாமே ரட்மிலா, பார்ட்டி எல்லாம் வெச்சாங்களா?" என்றார். உண்மைதான். அதைக் கொடுத்தவர்களே அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். இனி எல்லாம் இணையத்தில் எங்கேயோ ஓடும் கிளவுட், தேர்வும் கிளவுட் தேர்வுதான் என்று அறிவிப்பு வந்திருந்தது. நாற்பத்தாறு வயதில் என் படிப்பு எனக்கு முன்னால் ஓய்வு பெற்றது. ஸ்டானிமிர் அதோடு விடவில்லை. "வருஷம் முடியறதுக்குள்ள புதுசு வாங்கிட்டா, பண்ணைக் கணக்கையெல்லாம் கிளவுடுக்கு மாத்துற வேலைய நீயே பாரு. இல்லேன்னா நோவி சாத்ல ஒரு கம்பெனி தயாரா இருக்கு. நீ கீழ பாலாடைக்கட்டி கிடங்குல ஸ்டாக் பாத்துக்கலாம், அங்க குளிர் நல்லா இருக்கும்" என்றார். அன்றைக்கே படிக்க உட்கார்ந்தேன். நீயும் அப்போதுதான் உங்கள் அலுவலகத்தில் ஓர் இடம் காலி, மேலதிகாரியிடம் ஒரு வார்த்தை சொல்லட்டுமா என்று கேட்டாய். என் நாற்காலியைக் காப்பாற்றாமல் உன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்க மாட்டேன் என்று எழுதினேன், நினைவிருக்கும்.

நோவி சாத் தேர்வு மையத்தில் வருடம் முடியும்வரை இடமில்லை. வீட்டிலிருந்தே கேமரா முன்னால் எழுதலாம் என்றார்கள். எந்த நாள் என்று பார்த்தேன். குடும்பப் புனிதர் நாளுக்குச் சட்டப்படியே விடுப்பு உண்டு, அன்று அலுவலகத்திலிருந்து யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று அந்த நாளையே போட்டேன். அண்ணா, யாரையும் அழைக்காமலே ஊரே வந்து உட்காரும் நாளில், ஆளில்லாத, சத்தமில்லாத ஓர் அறை வேண்டும் என்கிற தேர்வுக்குப் பணம் கட்டியவள் உன் தங்கை. விருந்தாளிகள் மதியத்துக்குத்தானே வருவார்கள், தேர்வு காலையிலேயே முடிந்துவிடும் என்று ஒரு கணக்கு. அத்தையிடம் சொன்னபோது, "நீ படிச்சவ, உனக்குத் தெரியாததா" என்று மட்டும் சொன்னாள். அந்தக் குரல் உனக்குத் தெரியும்.

மோடம் சாப்பாட்டு அறையில் இருக்கிறது, நான் கம்பியை நம்புகிறவள், அதனால் அங்கேயே மடிக்கணினியை வைத்தேன். கண்காணிப்பாளர் எங்கேயோ தூர தேசத்துப் பெண், முகம் தெரியாது, மரியாதையான குரல். கேமராவால் அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னாள். காட்டினேன். "மேடம், உங்க பின்னாடி ஒருத்தர் நிக்கிறார்" என்றாள். திரும்பிப் பார்த்தேன். "அவர் புனித நிக்கோலா" என்றேன். "தேர்வு முடியற வரைக்கும் அவர் வெளிய இருக்கணும் மேடம்." "அவர் படம்தான்." "படம்னாலும் கையில புக் வெச்சிருக்கார். அறையில புக் கூடாது." அது நற்செய்தி நூல், நானூறு வருடமாக மூடித்தான் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். "மூடியிருந்தாலும் கூடாது மேடம்" என்றாள். பிறகு ஊறுகாய் ஜாடிகளுக்கு வந்தாள். ஒவ்வொன்றிலும் அத்தை எழுதி ஒட்டியிருந்த சீட்டைக் காட்டி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். "மிளகாய், போன வருஷத்துது" என்றேன். அதையும் எடுக்கச் சொன்னாள்.

அவர் நாளிலேயே புனிதரைச் சுவர் பக்கம் திருப்பி வைக்க எனக்கு மனம் வரவில்லை. அத்தை உள்ளே வந்தாள், கேமராவை ஒரு முறை முறைத்தாள், படத்தைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டாள். "வாங்க நிக்கோலா, இவ பரீட்சை எழுதட்டும், நாம வெளிய உக்காருவோம்" என்று சொல்லிக்கொண்டே போனாள். ஜாடிகளும் ஒவ்வொன்றாகப் போயின. கடைசியாகத் திருநாள் மெழுகுவர்த்தி. அது அன்று முழுவதும் அணையக் கூடாது, தனியாகவும் விடக் கூடாது. அந்த நேரம் பார்த்துத்தான், மதியம் வர வேண்டியவர்கள் எல்லாம் பனி கொட்டப்போகிறது என்று பயந்து காலையிலேயே வந்து கதவைத் தட்டினார்கள். முதல் ஆள் ஸ்டானிமிர். மீன் உண்டு, இறைச்சியும் பாலும் தொடக் கூடாது என்கிற நோன்பு நாளில் கையில் ஒரு டப்பா பாலாடை. "வீட்டுக்காரம்மா எங்க?" என்று அவர் வாயைத் திறந்ததும் அத்தை அவர் கையில் மெழுகுவர்த்தியைத் திணித்தாள். "பேசாத தம்பி. பிடி. அணைஞ்சா உன் பண்ணைப் பால் திரிஞ்சு போகும்."

அதற்குப் பிறகு வீட்டு நடைக்கூடத்தில் நடந்ததையெல்லாம் நான் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்கவில்லை. கேட்க எதுவும் இல்லை, அதுதான் விசேஷம். நாற்பது பேர். ஒவ்வொருவரும் சத்தமில்லாமல் மூன்று முத்தம், வாயில் ஒரு கரண்டி இனிப்புக் கோதுமை, பிறகு சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து மீன் சூப்பை உறிஞ்சாமல் குடித்தார்களாம். பாதிரியார் வந்தார். அத்தை உதட்டில் விரலை வைத்தாள். அவர் ஜெபத்தை முணுமுணுத்தே முடித்து ரொட்டியை வெட்டினார். போகும்போது மட்டும், "எந்தக் கோயில்லயும் எனக்கு இவ்வளவு ஒழுங்கா சபை கிடைச்சதில்ல ஸ்மில்யா" என்று காதில் சொன்னாராம்.

அப்போது பார்த்து நீ போன் செய்தாய். முதல் தடவை அடித்து ஓய்ந்தது. இரண்டாவது தடவை கண்காணிப்பாளர், "மேடம், அது என்ன சத்தம்?" என்றாள். மூன்றாவது தடவை அத்தை போன் கம்பியைச் சுவரிலிருந்தே பிடுங்கிவிட்டாள். அந்த ஒற்றைக் கம்பியில்தான் இணையமும் வருகிறது. ஒரு சர்வர் விழுந்தால் வேலை தடைபடாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வியில் இருந்தேன். திரை கறுத்துவிட்டது.

அண்ணா, அந்தக் கறுத்த திரையில் என் முகம் தெரிந்தது. அழுவேன் என்று நினைத்தேன். அழவில்லை. இந்தப் பதில் எனக்குத் தெரியுமே என்றுதான் கோபம் வந்தது. எழுந்து கதவைத் திறந்து, அத்தை கையிலிருந்த கம்பியை வாங்கிச் சொருகி, திரும்பி வந்து உட்கார்ந்தேன். நாற்பது பேரும் கரண்டியை அந்தரத்தில் வைத்தபடி என்னைப் பார்த்தார்கள். இணைப்பு வந்ததும் கண்காணிப்பாளர் மறுபடி அறையைக் காட்டச் சொன்னாள், காட்டினேன். இந்த முறை அந்தப் பெண்ணே குரலைத் தாழ்த்தி, "அவர் வெளியதானே இருக்கார்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். விட்ட இடத்திலிருந்து தொடரச் சொன்னாள்.

தேறிவிட்டேன். சும்மா இல்லை, நல்ல மதிப்பெண். திரையிலேயே வந்துவிட்டது. வெளியே வந்தேன். யாருக்கும் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. சட்டைக் கையெல்லாம் மெழுகு வடிந்து, தோள் விட்டுப்போன ஸ்டானிமிர்தான், "இப்ப பேசலாமா?" என்று கேட்டார். "பேசலாம், பாஸாயிட்டேன்" என்றேன். அதற்கப்புறம் எழுந்த சத்தம் கிராட்ஸ் வரை கேட்டிருக்க வேண்டும், நீதான் கோபத்தில் போனை அணைத்துவிட்டாய்.

திங்கட்கிழமை ஸ்டானிமிர் என் புதுச் சான்றிதழைப் பெரிதாக அச்சடித்து, பண்ணை வரவேற்பறையில், பாலாடைக்குக் கிடைத்த வெள்ளிப் பதக்கத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். என்னைக் கணினித் துறைத் தலைவி ஆக்கினார். நோவி சாத் கம்பெனிக்கு வர வேண்டாம் என்று கடிதம் போய்விட்டது. வண்டி ஓட்டுநர்களிடமெல்லாம், "நான் வாயைத் திறக்காம விளக்கு பிடிச்சு நின்னதாலதான் பாஸானா, இல்லேன்னா எங்க?" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். கேட்டு நானும் சிரித்தேன். ஆகவே அண்ணா, உங்கள் அலுவலகத்துக் காலியிடத்தை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல். எனக்கு வேண்டியதை நான் இங்கேயே பிடித்துவிட்டேன். புனிதரும் தன் சுவருக்குத் திரும்பிவிட்டார்.

அண்ணிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆளுக்கு மூன்று முத்தம். நிக்கோலா உங்கள் வீட்டு வாசலையும் பார்த்துக்கொள்ளட்டும்.

உன் தங்கை,
ரட்மிலா
(சான்றிதழ் உண்டு, நடப்பிலும் உண்டு)

பி.கு.: உறையில் போட்டு ஒட்டிய பிறகு, பிரித்து மறுபடி படித்தேன். ஸ்டானிமிர் சொன்னதைக் கேட்டு நானும் சிரித்தேன் என்று எழுதியிருக்கிறேனே, அந்த இடத்தில் நின்றுவிட்டேன். ஏன் சிரித்தேன்? காப்பாற்றியாக வேண்டும் என்று மூன்று மாதம் பயந்து பயந்து படித்த நாற்காலியில் இந்த வாரம் உட்கார்ந்து பார்த்தேன். அது சின்னதாக இருக்கிறது. உங்கள் அலுவலகத்து அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல். அதற்கு மேல் ஒன்றும் செய்யாதே. என் தங்கை என்று அங்கே யாரிடமும் ஒரு வார்த்தை பேசாதே, விண்ணப்பத்தை நானே என் பெயரில் அனுப்புகிறேன். பண்ணைக் கணக்கை முழுதாக மாற்றிக் கொடுத்து, கடைசி சர்வரை என் கையாலேயே அணைத்துவிட்டு, வசந்தத்தில் கிளம்புகிறேன். ஸ்டானிமிருக்குத் தெரியாது. அடுத்த அறையில் தூங்கும் அத்தைக்கும் தெரியாது.