திட்டினால்தான் டோக்கன்

பெங்களூர் கண்டோன்மென்டில் அதிகமாகத் திட்டு வாங்கியவர் யார் என்று ஒரு போட்டி வைத்திருந்தால், கப்பை எங்கள் விசாரணை சார்தான் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போயிருப்பார். தமிழ், கன்னடம், உருது, இங்கிலீஷ் என்று நாலு பாஷையிலும் அவரைத் திட்டினார்கள். ஒருமுறை ஒரு மலையாள நர்ஸம்மா வந்து அந்தக் குறையையும் தீர்த்துவைத்தார்.

ஐம்பதுகளில் நான் ஒரு பேங்க்கில் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது அவருக்குப் பக்கத்து நாற்காலி எனக்குக் கிடைத்தது. சேவிங்ஸ் கவுண்டர் அவருடையது. பணம் எடுக்க வருபவர் பாஸ்புக்கையும் பாரத்தையும் அவரிடம் நீட்ட வேண்டும். அவர் கையெழுத்தைச் சரிபார்த்து ஒரு பித்தளை டோக்கன் கொடுப்பார். டோக்கனைக் காட்டினால்தான் கேஷியர் பணம் தருவார். மற்றவர்கள் செய்தால் ஒரு வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் ஆகிவிடுகிற காரியம். இவரிடம் வருபவர்கள் சாப்பாடு கட்டிக்கொண்டு வருவது நல்லது.

காரணம், கையெழுத்தை அவர் நம்பமாட்டார். "கையெழுத்த எவன் வேணா போடுவான்யா. ஆள் யாருன்னு பாக்கணும்" என்பார். ஆள் யார் என்று பார்க்க அவர் கையாண்ட வழி, கேள்வி கேட்பது.

விவேக் நகரில் பேக்கரி வைத்திருந்த ஒருவரிடம், "உங்க கடைக் கதவு உள்பக்கம் தொறக்குமா, வெளிப்பக்கமா?" என்று கேட்டார். அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டு காற்றில் இழுத்துப் பார்த்தார், தள்ளிப் பார்த்தார். கடைசியில், "ஏன் சார், நான் பணம் எடுக்க வந்தேனா, கதவு தொறக்க வந்தேனா?" என்று கத்தினார். உடனே டோக்கன் கிடைத்தது.

அடுகோடியில் லேத்து பட்டறை நடத்திய ஒருவர் மனைவியோடு வந்தார். "உங்களுக்குக் கல்யாணம் ஆனது என்ன கிழமை?" என்றார் விசாரணை சார். பட்டறைக்காரர் தைரியமாக வியாழன் என்றார். பக்கத்தில் நின்ற அம்மாள் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில், அது வியாழன் இல்லை என்று பேங்க் முழுவதற்கும் தெரிந்துவிட்டது. பட்டறைக்காரர் விசாரணை சாரின் பரம்பரையையே இழுத்துவைத்துத் திட்டினார். டோக்கன் கிடைத்தது. வீட்டில் சோறு கிடைத்ததா என்று தெரியாது.

சொந்த மனைவிக்கும் விலக்கு இல்லை. ஒருநாள் அந்த அம்மாள் பாரத்தை நீட்டியபோது, "புருஷனுக்கு என்ன உத்தியோகம்?" என்று கேட்டார். "வேலைவெட்டி இருக்கறவங்கள நிக்க வெச்சுக் கேள்வி கேக்கற உத்தியோகம்" என்று பதில் வந்தது. அன்றுதான் அவர் வாழ்நாளிலேயே வேகமாக டோக்கன் கொடுத்தார்.

எனக்கு ஒன்று மட்டும் புரியவே இல்லை. பேக்கரிக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று இவருக்கு எப்படித் தெரியும்? பதில் சரியா தப்பா என்று இவர் எதை வைத்துப் பார்க்கிறார்? கேட்டால், கழுத்து மஃப்ளரைச் சரிசெய்துகொண்டு, "பாத்துட்டுதான் இருக்கேன்" என்பார். மே மாதத்திலும் அந்த மஃப்ளர் கழுத்தில் இருக்கும்.

புகார்கள் குவிந்தன. மேனேஜர் மைசூர்க்காரர், சாது. அவரே ஒருநாள் பொறுமை இழந்து, "ஏன்ரீ, இது பேங்கா, போலீஸ் ஸ்டேஷனா? இன்னொரு கம்ப்ளெய்ன்ட் வந்தா உங்களப் பழைய பேப்பர் ரூமுக்கு அனுப்பிடுவேன்" என்றார். அந்த ரூமில் கேள்வி கேட்க எலிகள் மட்டும்தான் உண்டு. விசாரணை சாருக்கு முகம் செத்துவிட்டது. இரண்டு நாள் யாரையும் ஒன்றும் கேட்காமல் டோக்கன் கொடுத்தார். பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் ஒருவர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, வலது கையில் கட்டு, முகம் நிறையச் சிரிப்பு. ஆரோக்கியசாமி என்பவருடைய பாஸ்புக்கையும், முழுத் தொகையையும் எடுக்கக் கையெழுத்துப் போட்ட பாரத்தையும் நீட்டினார். கையில் அடிபடுவதற்கு முன்பே கையெழுத்துப் போட்டதாகச் சொன்னார். அந்த ஆரோக்கியசாமி தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாதி ஆயுசை நிலத்துக்கு அடியில் கழித்தவர், மீதியை ஜீவனஹள்ளியில் ஒரு சொந்தக் கூரைக்கு அடியில் கழிக்க ஆசைப்பட்டு, வந்த பணத்தையெல்லாம் எங்களிடம் போட்டிருந்தார். பணம் போட ஒரே ஒருமுறை வந்தவர் என்பதால் எங்கள் யாருக்கும் முகம் ஞாபகமில்லை.

கையெழுத்து அச்சாகப் பொருந்தியது. விசாரணை சார் டோக்கனை எடுத்துவிட்டார். ஆனால் பழக்கம் விடவில்லை.

"சம்சாரத்துக்கு எந்த ஊரு?"

"குடியாத்தம் பக்கம் சார்."

"மூத்த பையன் என்ன பண்றான்?"

"மூத்தது பொண்ணு சார். டீச்சரா இருக்கு."

"வீட்ல நாய் இருக்கா?"

"இருந்துச்சு சார், டைகர்னு. போன வருஷம் செத்துப்போச்சு. கேளுங்க சார், எத்தன வேணாலும் கேளுங்க. உங்க கடமையத்தானே செய்றீங்க?"

விசாரணை சாரின் கை அப்படியே நின்றது. டோக்கனை மறுபடி டிராயருக்குள் போட்டுப் பூட்டினார். மேனேஜர் அறைக்கு விடுவிடுவென்று போனார். பின்னாலேயே நானும் போனேன்.

"சார், அந்த ஆளுக்குக் கோவமே வரல."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். "கையெழுத்து?"

"பொருந்துது."

"பதிலு?"

"டக்கு டக்குன்னு சொல்றான்."

"பின்ன என்ன ரீ?"

"சொந்தப் பணத்த எடுக்க வந்தவன் ஒருத்தன்கூட மூணாவது கேள்விக்கு மேல எங்கிட்ட மரியாதையா பேசினதில்ல சார். இவன் என்னை வாழ்த்தறான்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் இத்தனை நாளும் பதிலைப் பார்க்கவே இல்லை. திட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் நெஜமான ஆளா இருந்துட்டா, நாளைக்கு நீங்க பேப்பர் ரூம்" என்றார் மேனேஜர்.

"சரி சார். ஆனா இன்னைக்கு டோக்கன் கிடையாது" என்றார் இவர். எலிகள் அவர் கண்ணில் தெரிந்திருக்கும்.

வாசலில் ஒரே சத்தம். இருமிக்கொண்டே ஒரு பெரியவர் உள்ளே ஓடிவந்தார். "ஐயா, என் பாஸ்புக்கு காணோம். எவனோ அடிச்சிட்டான்யா."

விசாரணை சார் பாய்ந்து போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். "பேரு?"

"ஆரோக்கியசாமி."

"வீட்ல நாய் இருக்கா?"

"யோவ், உனுக்கு இன்னாய்யா மூள கீள கெட்டுப்போச்சா? என் வூட்டுத் துட்டு போவுதுன்னு வவுத்துல நெருப்பக் கட்டிக்கினு ஓடியாறேன், நாயிக்குப் பேரு வெக்கிறியா?"

விசாரணை சார் எழுந்து நின்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. "சார், இவர்தான் ஆரோக்கியசாமி" என்றார், சத்தம் கேட்டு வெளியே வந்திருந்த மேனேஜரிடம்.

இஸ்திரிச் சட்டைக்காரன் வாசலை நோக்கி நழுவினான். வரிசையில் காத்துக் காத்து நொந்துபோயிருந்த அடுகோடி பட்டறைக்காரர், அன்றைய கோபம் முழுவதையும் சேர்த்து அவன் காலரில் கை வைத்தார். இரும்பைப் பிடித்துப் பழகிய கை. கட்டு அவிழ்ந்து விழுந்தது, உள்ளே ஒரு கீறல்கூட இல்லை.

பெரியவர் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார். தங்கவயலிலிருந்து வந்த ரயிலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தானாம். வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தானாம். "எங்கூட்ல யாரும் எம்பேச்ச அவ்ளோ நேரம் கேட்டதில்ல சார். டைகர் செத்தத சொன்னப்ப கண்ணு கலங்கிட்டான்." சுரங்கத்தில் மிஷின் பிடித்த கை நடுங்கும் என்பதால், நாலு பேர் பார்க்க எழுதக் கூச்சப்பட்டு, வீட்டிலேயே கையெழுத்துப் போட்ட பாரத்தைப் பாஸ்புக்குக்குள் வைத்திருந்தாராம். இன்றைக்கும் போனில் யாராவது பேங்க்கிலிருந்து என்று தேனாகப் பேசினால், எனக்கு வேர்க்கடலை ஞாபகம்தான் வருகிறது.

ஜீவனஹள்ளி வீட்டுக்குப் பால் காய்ச்சியபோது எங்களையெல்லாம் கூப்பிட்டார்கள். வாசலில் ஒரு புது நாய்க்குட்டி கட்டியிருந்தது. விசாரணை சார் அதன் பெயரை மட்டும் கேட்கவில்லை.

அறுபதுகளில் அவர் ஓய்வு பெற்றார். கடைசி நாள் தன் கணக்கிலிருந்து பணம் எடுக்கக் கவுண்டருக்கு வெளியே வந்து நின்றார். உள்ளே, அவர் நாற்காலியில் நான். சும்மா இருக்க முடியாமல், "வீட்டுக் கதவு எந்தப் பக்கம் சார் தொறக்கும்?" என்றேன்.

"உள்பக்கம் தம்பி" என்றார் மெதுவாக. "கேளுங்க. உங்க கடமை."

எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. டோக்கனை உள்ளங்கையில் மூடிக்கொண்டு, மஃப்ளர் என்ன விலை, வாங்கிய கடை எது, கடைக்காரர் மீசை வைத்திருந்தாரா என்று கேட்டுக்கொண்டே போனேன். கடைசியில் அவர் கவுண்டரில் ஓங்கித் தட்டினார்.

"டேய், நான் யாருன்னு தெரியலயாடா உனக்கு?"

டோக்கனைக் கொடுத்துவிட்டேன். வரிசையில் அடுத்தவரைக் கூப்பிடத்தான் மனம் வரவில்லை.