பெயர் போட்டே ஆகவேண்டிய குறட்டை

"அது என் குறட்டையே இல்லை" என்று நூலகர் மூன்றாவது தடவையாகச் சொன்னார். மனைவி காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"வீட்டுல இருக்கறது ரெண்டே பேர். நான் தூங்கினா மூச்சு விடறதே தெரியாது. அப்ப யாரு, பீரோவா?"

விஷயம் இதுதான். ஒரு மெத்தை விளம்பரத்தில் ஒருவன் கர்ர்ர் என்று குறட்டை விட்டான். முடிவில், 'குறட்டை' என்று போட்டு, பக்கத்தில் நூலகரின் பெயர், இனிஷியலோடு. 'அமைதி காக்கவும்' பலகைக்குக் கீழே இருபது வருஷமாக உட்கார்ந்து, இருமுகிறவர்களைக்கூட முறைத்தே அடக்கிய மனிதர். இன்று வாசகர்கள் அவரைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு புத்தகத்தைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள்.

"குழந்தைகளுக்கு ஒலிக்கதை பண்றேன்ல? மழை, இடி, ரயில்னு ஊரார் சத்தத்தையெல்லாம் இணையத்துல இருந்து சும்மாதானே எடுத்துக்கறேன். நாமளும் ஏதாவது கொடுக்க வேண்டாமாங்க?"

"கொடுக்கறதுக்கு என் மூக்குதான் கெடச்சுதா?"

"தலைமாட்டுல போன் இருக்கு. சத்தம் வந்தா தானே பதிவு பண்ணிக்கும். நூறு பதிவுல இது ஒண்ணு அம்சமா இருந்துது, இணையத்துல ஏத்திட்டேன். யார் வேணா எடுத்துக்கலாம், மாத்திக்கலாம், வியாபாரமும் பண்ணலாம். உங்க பேரை மட்டும் போட்டாகணும்."

"திருப்பி வாங்கு."

"எடுத்தவங்ககிட்ட இருந்து பிடுங்க முடியாது. கொடுத்தா கொடுத்ததுதான்."

நூலகர் மெத்தைக் கம்பெனிக்கு மூன்று பக்கக் கண்டனக் கடிதம் எழுதினார். 'என் பெயரை நீங்கள் கையாண்டிருக்கும் விதம்' என்று ஆரம்பித்த கடிதம், எதற்குக் கோபம் என்பதை மட்டும் கடைசி வரை சொல்லவில்லை. பெயர் பொடியாக இருப்பதால் கோபம் என்று எடுத்துக்கொண்ட கம்பெனி, பயந்துபோய் அதைத் திரை முழுக்கப் போட்டது.

"சத்தத்தை மாத்து. அடையாளம் தெரியாம பண்ணு" என்றார் மனைவியிடம்.

வேகத்தைக் கூட்டி, சுருதியைக் குறைத்து அவள் இன்னொன்றை ஏற்றினாள். அது டிராக்டர் போல இருந்தது. மூலம் யாருடையது என்று சொல்லவேண்டும் என்பதால் அதிலும் அவர் பெயர். எங்கேயோ ஒருவன் அதற்கு டிரம்ஸ் சேர்த்தான். கல்யாணங்களில் அதற்கு ஆடினார்கள்.

நூலகர் ராஜினாமாக் கடிதத்தை எழுதி மேஜை இழுப்பறையில் வைத்தார்.

அன்றைக்குத்தான் ஒரு பெண்மணியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. 'கணவர் போனபிறகு வீடு ரொம்ப அமைதி. தூக்கமே வரவில்லை. இப்போது உங்கள் குறட்டையைப் பக்கத்தில் ஓடவிட்டுத் தூங்குகிறேன். நன்றாக இருங்கள்.'

இரண்டு முறை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இழுப்பறையைத் திறந்து கடிதத்தை நாலாகக் கிழித்தார்.

அப்புறம் ஆள் அடியோடு மாறிவிட்டார். மெத்தை விளம்பரம் வந்தால் சத்தத்தைக் கூட்டி வைத்தார். "எல்லாருக்கும் வராதுப்பா, அது ஒரு மூச்சுக் கட்டு" என்று பேப்பர் போடுபவரிடம் விளக்கினார். நூலகத்திலேயே 'எல்லாருக்கும் பொது' என்று ஓர் ஒலிப்பதிவுப் பிரிவு ஆரம்பித்தார். யாரும் எடுத்து, யாருக்கும் கொடுக்கலாம். முதல் பதிவு, சந்தேகமென்ன, அவர் குறட்டை.

திறப்பு விழாவில் முன்வரிசையில் மனைவி, பூரிப்போடு. நூலகர் மைக்கில் கனைத்துக்கொண்டார்.

"ஆரம்பத்துல நானே இதை மறுத்தேன். இன்னிக்கு நெஞ்சை நிமிர்த்திச் சொல்றேன், இது என் குறட்டை."

கைதட்டல். பக்கத்தில் அட்டவணைப் பிரிவு அம்மாள், ஓய்வு பெற மூன்றே மாதம் இருப்பவர், புதுப் பதிவுக்கான அட்டையோடு நின்றார். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் அட்டையைத் திரும்ப எழுதுகிற ரகம்.

"மேடம், பதிவான தேதி?"

மனைவி போனைத் தடவிப் பார்த்தாள். "மார்ச் பதினாலு, விடிகாலை மூணு மணி."

அம்மாளின் பேனா நின்றது. நூலகர் பக்கம் குனிந்து, மைக் திறந்திருப்பதைக் கவனிக்காமல், ரகசியமாகக் கேட்டார்:

"சார், மார்ச் பத்துலேருந்து இருபது வரைக்கும் நீங்க வெளியூர்ப் பயிற்சியில இருந்தீங்க, லீவு ரிஜிஸ்டர்ல நான்தான் எழுதினேன்... ஆக்கியோர் இடத்துல மேடம் பேரைப் போட்டுடவா?"